காலி நாற்காலிகளுக்கு ஒரு படம்

நோன் பைலின் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்ததாக, மணப்பெண் கடை எங்கே என்று. கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் கடையும் இருக்கிறது. அதனால் இரண்டு கேள்விக்கும் ஒரே கைகாட்டலில் பதில் சொல்லிவிடலாம்.

மணப்பெண் என்றால் பிக்குன். வயது முப்பத்துமூன்று. பப்பாளிக்காயைச் சீவி, மிளகாயோடு உரலில் போட்டு இடித்து, சோம்தம் விற்கிறவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதை அவள் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாடு முழுக்க டிக்கெட் எடுத்து அவள் கல்யாணத்தைப் பார்த்திருக்கிறது, அவள் பேச்சை யார் கேட்பார்கள்?

"உங்க வீட்டுக்காரர் எங்கக்கா? சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று தினம் யாராவது கேட்பார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில், "செத்துட்டார்" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்ட பெண் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். மத்தியானத்துக்குள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, படத்தில் அவளுக்கு மாப்பிள்ளையாக வந்த சாயன் வீட்டு வாசலில் நின்றார்கள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த சாயன் கதவைத் திறந்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு பிக்குன் யாரையும் சாகடிப்பதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பாங்காக்கிலிருந்து ஒரு படக்குழு வந்தது. லூக்துங் என்று இங்கே எல்லோர் வாயிலும் இருக்கிற வயக்காட்டுப் பாட்டுகளை வைத்து ஒரு சிரிப்புப் படம். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டுக்காரன் சோம்தம் விற்கிறவளை மயக்க விதவிதமாகப் பாடுகிறான். அவள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மிளகாய் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கிறாள். கடைசியில் கண்ணும் மூக்கும் ஒழுக நிற்கிறவனைப் பார்த்து இரக்கப்பட்டுக் கட்டிக்கொள்கிறாள். நடிக்க வந்த பாங்காக்காரிக்கு உலக்கை பிடிக்கவே வரவில்லை. "நீயே நில்லும்மா" என்று பிக்குனை நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்காரனாக நடித்தது சாயன். உள்ளூர்ப் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவன், கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறவன்.

இதுவரை யார்மேலும் தப்பில்லை. தப்பு நடந்தது கடைசி நாள்.

ஊருக்கு வடக்கே மரக்கூட்டத்துக்குள் பூத்தா குடில் இருக்கிறது. பூத்தா என்றால் ஊரைக் காக்கிற முன்னோர். இந்த ஊரில் பெண் எடுக்கிறவன் அங்கே சேவலும் சாராயமும் வைத்து, இன்னாருக்கு நான் மருமகனாக வந்திருக்கிறேன் என்று தெரியப்படுத்த வேண்டும். கல்யாணக் காட்சியை அங்கேதான் எடுப்பேன் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். குடில் பூசாரி கம்பானிடம், "சும்மா எதையாவது முணுமுணுங்க, போதும்" என்றார்.

"அவங்க முன்னாடி சும்மா முணுமுணுக்க எனக்கு வராது தம்பி. சொன்னா நெசமாத்தான் சொல்லுவேன்" என்றார் கம்பான்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "சரி, நெசமாவே சொல்லித் தொலைங்க!" என்றார் டைரக்டர்.

கம்பான் நிஜமாகவே சொன்னார். பிக்குனின் பெயர், அவள் அம்மாவின் பெயர், சாயனின் பெயர், இவன் இன்றுமுதல் உங்கள் மருமகன். சேவல் நிஜம், சாராயமும் நிஜம். டைரக்டர் 'கட்' சொன்னது கேமராக்காரனுக்குத்தான், முன்னோருக்கு இல்லை. மறுநாள் யாராவது குடிலுக்குப் போய், பெரியவர்களே, அது படத்துக்காகச் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். படக்குழு லாரியில் ஏறிப் போய்விட்டது. ஊர் குடித்துவிட்டுக் கிடந்தது.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நகராட்சித் தலைவி லாவான் பஸ் நிலைய வாசலில் சிமெண்டில் ஒரு பெரிய உரல் கட்டி வைத்தாள். பயணிகள் வந்தார்கள், சத்திரங்கள் முளைத்தன. அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஆறாம் மாதம், விதைப்புக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பூத்தாவுக்குப் படையல் வைத்து, துணித்திரை கட்டிப் படம் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருக்கும். அது பெரியவர்கள் உட்காருகிற இடம். நாமெல்லாம் பின்னால் பாயில். அந்த வருஷம் இந்தப் படத்தைப் போட்டார்கள், மழை வெளுத்து வாங்கியது. போதாதா? அதிலிருந்து வருஷா வருஷம் இதே படம்தான்.

பிறகு விரோட் வந்தான். சந்தாபுரிக்காரன், துரியன் பழ லாரி ஓட்டுகிறவன். அந்தப் படத்தை அவன் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அவள் கடையில் சாப்பிட்டு, பேசி, ஒரு நாள் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"எங்க ஊருக்கு வந்துடறியா? எப்பவும் மழை. சினிமா கொட்டகைகூடக் கெடையாது. எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் தூங்கிடுவோம்."

பிக்குன் தன் வாழ்நாளில் கேட்ட காதல் வசனங்களிலேயே இதுதான் அருமையானது. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள். அம்மா சேவலை அவித்து எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு குடிலுக்குப் போனாள். கம்பான் சேவலின் தாடைக்குள் விரல் விட்டு, கவட்டைபோலப் பிரிந்திருக்கும் அந்தச் சின்ன எலும்பை உருவினார். இரண்டு முனையும் சமமாக நீண்டிருந்தால் சம்மதம். இதில் ஒரு முனை சுருண்டுபோய் மற்றதன்மேல் ஏறிக் கிடந்தது.

"ஒரு மருமகன் ஏற்கெனவே இருக்கானேங்கறாங்க" என்றார் கம்பான்.

"பெரியப்பா, அது படம்!" என்றாள் பிக்குன்.

"அவங்க கிட்ட யாரும் அப்படிச் சொல்லலியேம்மா. இப்பப் போயி, ஏழு வருஷமா உங்களை ஏமாத்தினோம்னு சொல்லச் சொல்றியா? நீ சொல்லு. நான் அந்தப் பக்கம் வரல."

அம்மா வீட்டுக்கு வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். "போறதுன்னா போடி. நான் ஒண்ணும் தடுக்கல. அவங்க கோவம் வீட்டுல இருக்கறவ மேலதான் எறங்கும். என்னை எரிக்கற அன்னிக்கு மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போ."

விரோட்டாவது, இதெல்லாம் ஒரு பேச்சா, ஏறு வண்டியில் என்று சொல்லுவான் என எதிர்பார்த்தாள். அவனோ வண்டியின் முன்கண்ணாடியில் தொங்கிய தாயத்துகளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காத பிக்குன். எங்க ஊருக்கு மலைப்பாதையில போவணும். முன்னோருங்க இன்னொருத்தன் பொண்டாட்டின்னு கணக்கு வச்சிருக்கறவள பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அந்த எறக்கத்துல என்னால வண்டி ஓட்ட முடியாது. நீ வெலகிட்டு வா. நான் காத்திருக்கேன்."

அன்று கடையை மூடிவிட்டு, பிக்குன் உரலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே சேர்ந்து தன்னை ஒரு சிரிப்புப் படத்துக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, வெளியே நின்று சிரித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பூட்டினவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் உலக்கையால் ஒரு போடு போட்டிருப்பாள்.

மறுநாள் மறுபடி கம்பானிடம் போனாள். "சாயனும் நானும் சேர்ந்து வந்து, பிரிஞ்சுட்டோம்னு சொன்னா?"

கம்பான் சுருட்டைப் பற்றவைத்து யோசித்தார். "வாயால சொன்னா ஏத்துப்பாங்களான்னு தெரியல. கல்யாணத்த வருஷா வருஷம் கண்ணால பாத்திருக்காங்களே. நாற்காலி போட்டு உக்காந்து பாத்தவங்க."

"பிரியறத பாத்ததில்ல."

"இல்ல."

"அப்ப அதையும் காட்டினா?"

கம்பான் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "படமா?" மரக்கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "படம்னா பாப்பாங்க. படம்னா அவங்களுக்கு உசிரு. ஆனா அவன் தன் வாயால விடணும், நீயும் விடணும். அது கண்ணுக்குத் தெரியணும்."

சாயன் நகராட்சி வாசலில் இருந்தான். படத்தில் போட்டிருந்த அதே ரோஜா நிறப் பட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்த பெண்களோடு வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு க்ளிக்குக்கும் கன்னக்குழி சரியாக விழுந்தது. இவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறான் என்று பிக்குனுக்கு எரிந்தது. என்னைக் கட்டிப்போட்ட கயிற்றில் இவன் ஊஞ்சல் ஆடுகிறான்.

"பிரியற மாதிரி ஒரு காட்சி எடுக்கணும். நடிக்கிறியா?"

"சம்பளம்?"

"ஒரு தட்டு சோம்தம்."

"எத்தன மிளகா?"

"ஒண்ணு."

"அப்ப சரி" என்றான்.

உள்ளேயிருந்து லாவான் ஓடிவந்தாள். அவளுக்கு இப்படிப்பட்ட செய்தி எத்தனை சுவரைத் தாண்டியும் கேட்கும். "பாகம் ரெண்டா? அடி என் தங்கமே! ஆனா ஒண்ணு, கடைசில சேந்துடணும்."

"சேர மாட்டோம்க்கா."

"சரி, இந்த வருஷம் பிரிங்க. அடுத்த வருஷம் சேருங்க."

அவளிடம் பேசி ஜெயித்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை என்பதால் பிக்குன் கடைக்குத் திரும்பினாள்.

துணித்திரை கட்டிப் படம் ஓட்டுகிறவரே கல்யாண வீடியோவும் எடுப்பார். அவர் ஒரு மத்தியானம் கேமராவோடு கடைக்கு வந்தார். வெயிலில் பஸ் நிலையம் காலியாகக் கிடந்தது. சாயன் சொல்ல வேண்டியது ஒரே வரி: பூத்தா பெரியவங்களே, பிக்குனை நான் விட்டுட்டேன்.

முதல் தடவை அவன் நெஞ்சில் கை வைத்து, கேமராவைப் பார்த்துக் குழி விழச் சிரித்தான். "சிரிக்காதே" என்றாள் பிக்குன். இரண்டாம் தடவை வரியைப் பாதி சொல்லிவிட்டு மீதியை ராகம் போட்டு இழுத்தான். "பாடாதே!" அடுத்த தடவை கண்ணடித்தான். பிக்குன் உலக்கையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வேணும்னு செய்யல" என்றான் சாயன். அவன் குரல் மாறியிருந்தது. "கேமராவப் பாத்தா மூஞ்சி தானா அப்படிப் போயிடுது."

முக்காலியில் உட்கார்ந்தான். வீடியோக்காரர் கேமராவை நிறுத்தவில்லை.

"இத எடுத்து முடிச்சா நீ போயிடுவ."

"அதுக்குத்தானே எடுக்கறதே."

"நான்?"

பிக்குன் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"நான் ஊரோட சேந்துக்கிட்டு உன்னைக் கட்டிப் போட்டிருக்கேன்னு நீ நெனைக்கிற. எனக்குத் தெரியும். உனக்காவது உரல் இருக்கு. அந்தப் படமே வராட்டியும் நீ சோம்தம் வித்திருப்ப. எனக்கு என்ன இருக்கு? ஏழு வருஷமா அதே பாட்டு. நானா ஒரு புதுப் பாட்டு கட்டிப் பாடினா, அத விட்டுட்டு நம்ம பாட்டப் பாடுப்பாங்கறாங்க. எங்கம்மாவ எரிச்ச அன்னிக்கு, எரிஞ்சுட்டிருக்கு, ஒரு பெரியம்மா கிட்ட வந்து, அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டுதானே, ஒரு தடவ பாடுன்னுச்சு. அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

"பாடினியா?"

"பாடினேன்."

"ஏன் பாடின?"

"கேட்டாங்க" என்றான்.

ஏழு வருஷமாக இவனைச் சிறைக்காவலன் என்று திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அவன் அடுத்த அறைக் கைதி என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் எழுந்து நின்றான். சிரிப்பில்லை, குழியில்லை, ராகமில்லை. "பெரியவங்களே, பிக்குனை நான் விட்டுட்டேன். அவ யாரைக் கட்டினாலும் நல்லா இருக்கட்டும்" என்றான்.

பிக்குனின் முறை. அவளும் ஒரே வரிதான் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் வாய் அதோடு நிற்கவில்லை. "பெரியவங்களே, நானும் இவனை விட்டுட்டேன். இவன் உங்க மருமகன் இல்ல. இந்த ஊருல இவன் இருக்கணும்னு இல்ல, அந்தப் பாட்டப் பாடணும்னும் இல்ல. இவன் எங்க போகணுமோ அங்க போகட்டும். ஒத்துக்குங்க."

புதன்கிழமை பொழுது சாய்ந்ததும் குடிலுக்கு முன்னால் திரை கட்டினார்கள். காலி நாற்காலிகளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குவளை சாராயமும் ஒரு உருண்டை ஒட்டரிசிச் சோறும் வைத்தார்கள். விரோட் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, பிக்குனின் அம்மா பக்கத்தில் பயபக்தியோடு உட்கார்ந்துகொண்டான். படம் ஓடியது. சிரிக்கிற இடத்திலெல்லாம் ஊர் அரை வினாடி முன்னதாகவே சிரித்தது. கல்யாணக் காட்சி வந்தபோது லாவான் வழக்கம்போலக் கைதட்டினாள்.

அதன்பிறகு திரை ஒரு கணம் வெள்ளையாகி, பஸ் நிலையத்து மத்தியானம் வந்தது. இசை எதுவும் இல்லை. வீடியோக்காரர் எதையும் வெட்டவில்லை. வெட்டத் தெரியாதோ, மனசு வரவில்லையோ. அம்மாவை எரித்த கதை, பாட்டுக் கேட்ட பெரியம்மா, எல்லாம் அந்தப் பெரிய துணியில் ஓடியது. அந்தப் பெரியம்மாவும் பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். பிக்குன் முன்வரிசை நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் இவ்வளவு பயந்ததில்லை.

படம் முடிந்ததும் கம்பான் படையல் சேவலின் தாடை எலும்பை உருவி, டார்ச் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இரண்டு முனையும் ஒரே நீளத்தில், சீவினாற்போல நேராக இருந்தன.

"விட்டுட்டாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரையும் விட்டுட்டாங்க."

பிக்குனின் அம்மா முழங்காலைப் பிடிக்காமலே எழுந்து நின்றாள். விரோட் முன்வரிசையை நோக்கித் தரையில் விழுந்து கும்பிட்டான். பிக்குனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகத் திரைக்குப் பின்னால் போனாள். சாயன் சாதாரணச் சட்டையில், கைகளை என்ன செய்வது என்று தெரியாதவனாக நின்றிருந்தான்.

"வண்டியில எடம் இருக்கு. போற வழியில கோராட் டவுன் வரைக்கும் கொண்டுவந்து விடறோம். அங்கேருந்து நீ எங்க வேணா போ. யாரும் உன்னைக் கேக்க முடியாது. எலும்ப நீயே பாத்தியில்ல?"

"நெசமாவா?" என்றான். வீட்டுக்கு ஓடினான். திரும்பி வரும்போது தோளில் ஒரு பை இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குழி விழாமல்கூட அவனுக்குச் சிரிக்க வரும் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

பையை லாரியின் படியில் வைத்தான். ஒரு காலையும் தூக்கி வைத்தான். அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. கையில் பணநோட்டுகள் செருகிய மாலைகள். மன்னிப்புக் கேட்க வந்தவர்கள்தான், பாவம். முன்னால் நின்றது அந்தப் பெரியம்மா.

"எங்களுக்குத் தெரியாமப் போச்சே சாயா. மனசே ஆறலடா. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாடிட்டுப் போ."

சாயன் பிக்குனைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு பாடிட்டு வந்துடறேன். அழறாங்க பாரு."

பெரியம்மா மாலையைத் தூக்கக்கூட இல்லை. அதற்குள் அவன் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது.

அவனைத் திரைப் பக்கத்து மேடையில் ஏற்றினார்கள். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. விரோட் இஞ்சினை அணைத்தான். நல்லவன். அடுத்த பாட்டுக்கு யாரோ ரோஜா நிறக் கோட்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போர்த்தினார்கள். கன்னத்தில் குழி விழுந்தது. லாவான் மூக்கைச் சிந்திக்கொண்டே, படையலுக்கு ஆட வந்திருந்த நடனக் குழுவிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவன் பக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு உலக்கை பிடிக்கத் தெரியுமா என்று யாரையோ விசாரித்தாள்.

பிக்குன் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். இவன் தொலைந்தால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள். இன்றைக்கு அவன் வரவில்லையே என்றுதான் அந்த அழுகை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா?" என்றான் விரோட்.

அவள் இறங்கினாள். படியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு போய், மேடை விளிம்பில், அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். சாயன் பார்த்தான். பாட்டை நிறுத்தாமலே, இதோ வந்துட்டேன் என்று கை காட்டினான்.

பிக்குன் திரும்பி வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எடுங்க. போலாம்" என்றாள்.